ஓர் அரிசி உயரம்

கரிசல் கிரகத்தில் அன்றுவரை நூற்றுப் பதினேழு கல்யாணங்கள் நடந்திருந்தன. அத்தனைக்கும் கெட்டி மேளம் கொட்டியது ஒரு நட்சத்திரம்தான்.

இதில் பெருமையடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. பூமியிலிருந்து வந்த முதல் கப்பலில் ஆளுக்கு இத்தனை கிலோ என்று கறாராக எடைபோட்டு ஏற்றியிருந்தார்கள். விதை நெல் வந்தது, வெல்டிங் மெஷின் வந்தது, இட்லிக் கொப்பரைகூட எப்படியோ வந்துவிட்டது. தவிலும் நாகசுரமும் வரவில்லை. வந்து இறங்கிய முதல் வருடமே ஒரு கல்யாணம். ஊரெல்லாம் ஒன்றாகக் கூடுவதும், எல்லாருக்கும் வேலை இல்லாமல் இருப்பதும் பதுங்கு நாளில் மட்டும்தான் என்பதால், நிலவறைக்குள்ளேயே பந்தல் போட்டார்கள்.

பதுங்கு நாள் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். கரிசலின் நட்சத்திரத்துக்குப் பெயர் குன்றிமணி. சிவப்பாக, சின்னதாக, வானத்தில் ஆணியடித்து மாட்டியதுபோல ஒரே இடத்தில் நிற்கும். உதிப்பதும் கிடையாது, மறைவதும் கிடையாது. பகல், இரவு எல்லாம் கடிகாரத்தில் மட்டும்தான். ஆள்தான் சிறுசு, கோபம் பெருசு. அதை ஒட்டினாற்போல தொந்தியன் என்கிற ராட்சதக் கிரகம் ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. அது சுற்றச் சுற்ற, குன்றிமணியின் காந்தக் கோடுகள் சிக்குப் பிடித்து, முறுக்கேறி, சரியாக ஒரு மண்டலத்துக்கு ஒருமுறை பட்டென்று அறுந்து வெடிக்கும். அதற்குச் சீற்றம் என்று பெயர். அன்றைக்கு மேலே நின்றவன் பிழைக்கமாட்டான். எண்ணூறு பேரும் நிலவறைக்குள் இறங்கிவிட வேண்டும்.

முதல் கல்யாணத்தில் மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்த நேரம் பார்த்துச் சீற்றம் வந்தது. மலை உச்சியில் நட்ட ஏரியல் கொம்பு ஒன்று மேலே நடப்பதை உணர்ந்து, நிலவறை ஒலிபெருக்கியில் சடசடவென்று கொட்டும். அதற்குச் சடசடப்பான் என்றே பெயர். தகரத்தில் ஒரு லாரி ஜல்லியைக் கொட்டியதுபோல அது அலறியதும், பயத்திலோ குறும்பிலோ யாரோ ஒருத்தர், “கெட்டி மேளம், கெட்டி மேளம்!” என்று கத்திவிட்டார். மாப்பிள்ளை தாலியைக் கட்டிவிட்டார். அந்த வருடம் விளைச்சல் பொய்த்துப்போனதால் அட்சதைக்கு ஆளுக்கு ஒரே ஒரு மஞ்சள் அரிசிதான் கொடுத்தார்கள். இன்றைக்கு நெல் மூட்டை மூட்டையாக விளைகிறது. ஆனாலும் ஆளுக்கு ஓர் அரிசிதான். சடசடப்பான் பேசாமல் தாலி ஏறினால் அது கல்யாணமே இல்லை. எது எப்படிச் சட்டமாகிறது என்று யாரால் சொல்ல முடியும்?

ஆவுடைத்தாய் நட்சத்திரக் காவல் நிலையத்தின் பொறுப்பாளர். நாற்பத்தேழு வயது. பெயர்தான் நிலையம், உள்ளே போனால் ஒரு தொலைநோக்கி, ஒரு பழைய கம்ப்யூட்டர், ஒரு காபி ஃபில்டர், அவள். சீற்றம் எப்போது வரும் என்று நாள், மணி, நிமிடம் சொல்வது அவள் வேலை. இருபத்து மூன்று வருடங்களில் அவளுடைய அதிகபட்சப் பிசகு ஐம்பது விநாடி. அதனால் ஊரில் யாருக்குக் கல்யாணம் என்றாலும் முதல் பத்திரிகை அவளுக்குத்தான் வரும். முகூர்த்தம் என்ற இடம் காலியாக இருக்கும். அதை அவள்தான் நிரப்பித் தரவேண்டும்.

அவள் அந்த வேலைக்கு வந்ததற்குக் காரணம் அவளுடைய அண்ணன். இருபத்து மூன்று வருடங்களுக்கு முன்னால், அவளுக்கு முன்பிருந்தவர் போட்ட கணக்கு ஒன்பது நிமிடம் பிசகியது. அந்த ஒன்பது நிமிடத்தில் அண்ணன் நிலவறைக்கு வெளியே, படிக்கட்டில் நின்றிருந்தான். அடுத்த வாரமே ஆவுடை அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். அவளுக்குத் தன் கல்யாணத்தைப் பற்றி நினைக்க நேரமே வரவில்லை, நாற்பத்தாறாவது வயதில் ஒரு ஃபியூஸ் எரிந்துபோகும்வரை.

ஃபியூஸ் வாங்குவதற்காகக் குடை நிலையத்துக்குப் போனாள். குடை என்பது கிரகத்துக்கு வெளியே விண்வெளியில் மிதக்கும் பெரிய கம்பி வளையம். அதில் மின்சாரம் பாய்ந்தால் கரிசலைச் சுற்றி ஒரு காந்தத் திரை எழும்பும். குன்றிமணி தினமும் துப்புவதில் பெரும்பங்கை அது தடுத்துவிடும். ஊரில் இருந்த குடை நிலையத்திலிருந்து அதைப் பார்த்துக்கொண்டவர் கோமதிநாயகம். ஐம்பது வயது, தலையில் பாதி வழுக்கை, சட்டைப்பையில் எப்போதும் ஒரு ஸ்பேனர். ஃபியூஸைத் தேடிக்கொண்டே கேட்டார்:

“ஒண்ணு கேட்டா கோவிச்சுக்கிட மாட்டீகளே?”

“கேளுங்க.”

“அது அந்தாக்குல தொங்கிக்கிட்டே இருக்கு. நாம அதையே பாத்துக்கிட்டு, அதுக்கே பயந்துக்கிட்டுக் கெடக்கோம். அதுக்கு நம்மளத் தெரியுமா?”

ஆவுடை சிரித்துவிட்டாள். “நல்லாக் கேட்டீக போங்க அண்ணாச்சி. நம்ம கரிசல் மாதிரி நாப்பதாயிரம் உருண்டையச் சேத்தாத்தான் அது எடைக்கு வரும். அதுக்கு நாம ஒரு தூசி.”

“தூசி கண்ணுல விழுந்தா தெரியுமே” என்றார் நாயகம்.

நாலு நாள் அதை நினைத்து நினைத்துத் தனியாகச் சிரித்தாள். ஐந்தாம் நாள் இன்னொரு ஃபியூஸ் வாங்கப் போனாள். நிலையத்தில் எதுவும் எரிந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் அவரை அண்ணாச்சி என்று கூப்பிடவுமில்லை.

கல்யாணம் முடிவானதும் ஊரே கொண்டாடியது. அண்ணனின் மனைவி பேச்சியம்மாள் மதினிதான் எல்லாவற்றுக்கும் முன்னால் நின்றாள். “நாப்பத்திரண்டு பேருக்கு முகூர்த்தம் குறிச்ச கை. இனிமேதான் அவளுக்கே குறிக்கப் போறா. யாரும் லீவு போடாம வரணும்” என்று வீடுவீடாகப் போய்ச் சொன்னாள். ஆவுடை தன் பத்திரிகையைத் தானே எடுத்து, காலி இடத்தில் எழுதினாள்: ஆவணி பதினெட்டு, காலை மணி 11.20. வெட்கமாகவும் இருந்தது, ரொம்பச் சந்தோஷமாகவும் இருந்தது.

அந்த ஒரு மாதமாகத் தொலைநோக்கி வேறு படுத்தியது. குன்றிமணியின் முகத்தில் ஒரு சின்ன மினுக்கல். தீக்குச்சி உரசியதுபோல ஒரு விநாடி, அவ்வளவுதான். ஒருநாள் பிற்பகல் மூன்றே காலுக்கு வரும், மறுநாள் நாலு மணிக்கு வரும். ஒழுங்கு கிடையாது. எல்லாவற்றையும்விட வேடிக்கை, வெள்ளிக்கிழமைகளில் மட்டும் வராது. நட்சத்திரத்துக்கு ஏது வெள்ளிக்கிழமை? அதனால் இது கட்டாயம் மனுஷக் கோளாறுதான், எங்கோ ஒயர் லூசாக இருக்கிறது என்று தீர்மானித்தாள். கண்ணாடியைத் துடைத்தாள், ஒயர்களை மாற்றினாள். போகவில்லை. ரவிக்கை அளவு கொடுக்கப் போகவேண்டியிருந்ததால், பதிவேட்டில் நேரத்தை மட்டும் குறித்து, பக்கத்தில் ‘கருவிக் கோளாறு’ என்று எழுதிக்கொண்டே வந்தாள்.

ஆவணி பதினெட்டு. ஒன்பது மணிக்கெல்லாம் எண்ணூறு பேரும் நிலவறைக்குள் இறங்கிவிட்டார்கள். கதவு மூடியாகிவிட்டது. ஒரு மூலையில் பாயசம் கொதித்தது. ஆளுக்கொரு மஞ்சள் அரிசி கைமாறியது. சின்னப் பிள்ளைகள் தொலைத்துவிடாமல் இருக்க அதை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டு, கையைத் திறக்காமலேயே ஓடிப்பிடித்து விளையாடினார்கள். மணி 11.19. நாயகம் தாலியை எடுத்தார். எண்ணூறு பேரும் வாயை மூடினார்கள்.

11.20.

சடசடப்பான் பேசவில்லை.

“ஐம்பது விநாடி வரைக்கும் பிசகலாம்” என்று ஆவுடை தலையைக் குனிந்தபடியே முணுமுணுத்தாள்.

11.21 ஆனது. 11.25 ஆனது. நாயகத்தின் கை வலித்திருக்க வேண்டும். தாலியை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றினார். 11.40க்கு ஒரு குழந்தை அழுதது. “அரிசியத் தின்னுட்டேன்” என்பதுதான் அதன் அழுகை. வேறு நாளாக இருந்தால் ஊரே சிரித்திருக்கும்.

“நட்சத்திரத்துக்கே இஷ்டமில்ல போல” என்று பின்வரிசையில் யாரோ சொன்னது ஆவுடையின் காதில் விழுந்தது. அவள் அதற்குக் கலங்கவில்லை. அவளைக் கலக்கியது வேறு. அது அண்ணன் நின்ற படிக்கட்டு.

ஊர்த் தலைவி வடிவக்கா வந்து பக்கத்தில் குனிந்தாள். “ஆவுடை, மேல போலாமா, கூடாதா? அத மட்டும் சொல்லு.”

“தெரியலக்கா.”

“நெலவறைக் காத்து சாயங்காலம் ஆறு மணிக்கு மேல தாங்காது. ஆறு மணிக்கு நாம படியேறித்தான் ஆகணும். நாம ஏறுறப்ப அது சீறிச்சுன்னா?”

ஆவுடை எழுந்துவிட்டாள். மணப்பெண் மணையை விட்டு எழுந்ததைப் பார்த்துச் சிலர் அட என்றார்கள். பேச்சியம்மாள் ஓடிவந்து தோளைப் பிடித்தாள். “ஏத்தா, சத்தம் வரலன்னா என்ன, நான் வாயால மேளங்கொட்டுதேன். தாலியக் கட்டச் சொல்லு.”

“இல்ல மதினி. எனக்கு வெவரம் தெரியாம இந்தக் கதவு தொறக்கவும் கூடாது, தாலி ஏறவும் கூடாது.”

நிலவறையின் ஓரத்தில் துணித் திரை போட்டு மறைத்த ஒரு சின்ன மேசை உண்டு. மேலேயுள்ள நிலையத்தின் பதிவேடுகள் அங்கே ஒரு திரையில் தெரியும். பட்டுப்புடவையும் மாலையுமாக அங்கே போய் உட்கார்ந்தாள். அட்டவணையைத் திறந்தாள். குன்றிமணியின் சுழற்சிக்கு ஒரு கட்டம், தொந்தியனுக்கு ஒரு கட்டம், கரும்புள்ளிகளுக்கு ஒரு கட்டம். மூன்றுமுறை கூட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் 11.20 என்றே வந்தது. கணக்கில் தப்பில்லை, நட்சத்திரம் மட்டும் கேட்கவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

திரை விலகியது. நாயகம் ஒரு தட்டில் இரண்டு பணியாரத்தோடு நின்றார்.

“தாலி கட்டுற வரைக்கும் சாப்பிடக்கூடாதுன்னு மதினி சொன்னாக. இது பலகாரந்தான, சாப்பாடு இல்லைல்லா” என்றார். அப்புறம் தயங்கி, “நீங்க மனசொடிஞ்சு இருக்கிற நேரத்துல இதச் சொல்லணுமான்னு இருக்கு. கல்யாணம் முடிஞ்சதும் சொல்லி உங்கள அசத்தணும்னு வச்சிருந்தேன். இப்பச் சொன்னாவாச்சும் கொஞ்சம் சிரிப்பீகன்னு...”

“என்ன?”

“ரெண்டாவது வளையத்த ஓட வச்சிட்டேன்.”

ஆவுடைக்குப் புரியச் சற்று நேரமானது. குடைக்கு இரண்டு வளையங்கள். இரண்டாவது, வந்த வருடத்திலேயே விரிசல் விட்டுச் செத்துப்போன ஒன்று. யாரும் அதைத் தொட்டதில்லை.

“கல்யாணத்துக்கு வீட்டுக்கு வெள்ளையடிப்பாகல்லா? நமக்கு வீடு அரசாங்க வீடு. வேற என்ன செய்ய? அதான் கொடையச் சரி பண்ணுவோம்னு. வடிவக்காவுக்கு மட்டும் தெரியும். ரகசியம்னு சத்தியம் வாங்கிட்டேன். தெனமும் மத்தியானச் சாப்பாடு முடிஞ்சதும் கொஞ்ச நேரம் ஓட்டிப் பாப்பேன். கொடை மூணு மடங்கு பலம், தெரியுமா!”

“எத்தன நாளா?”

“முப்பத்தொரு நாள்.”

“வெள்ளிக்கிழமை?”

“வெள்ளிக்கிழமை எனக்கு லீவுல்லா” என்றார் நாயகம்.

பணியாரம் ஆவுடையின் கையிலிருந்து மேசையில் விழுந்தது. “நீங்க எப்ப எப்ப ஓட்டுனீகன்னு எழுதி வச்சிருக்கீகளா?”

மாப்பிள்ளைச் சட்டையாக இருந்தால் என்ன, ஸ்பேனரும் நோட்டும் இருக்கவேண்டிய இடத்தில்தான் இருந்தன. எண்ணெய்க் கறை படிந்த அந்த நோட்டை அவள் தன் பதிவேட்டுக்குப் பக்கத்தில் விரித்து வைத்தாள். அவர் நோட்டில் ‘வளையம் 2 ஓட்டம், 1.10’. அவள் பதிவேட்டில் ‘மினுக்கல், 3.16, கருவிக் கோளாறு’. அவர் நோட்டில் 1.55, அவள் பதிவேட்டில் 4.01. அவர் நோட்டில் வெள்ளிக்கிழமை லீவு. அவள் பதிவேட்டில் வெற்றிடம். விரலை வைத்து வரிவரியாக இறங்கினாள். ஒவ்வொன்றிலும் இரண்டு மணி ஆறு நிமிட இடைவெளி. ஒன்றுகூடத் தப்பவில்லை.

“என்ன ஆச்சு? நான் எதையும் கெடுத்துட்டேனா?” என்று நாயகம் பயந்துபோய்க் கேட்டார்.

“தலை சீவியிருக்கீகளா நீங்க?” என்றாள் ஆவுடை.

அவர் வழுக்கையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

“மதினி இன்னைக்கு எனக்குத் தலை சீவி விட்டாக. ஒரு வாரச் சிக்கு. ஒரேயடியா இழுத்தப்போ உயிர் போயிருச்சு. தெனமும் கொஞ்சங் கொஞ்சமாச் சீவியிருந்தா வலியே இருந்திருக்காது. குன்றிமணிக்கும் அதான். தொந்தியன் சுத்திச் சுத்திச் சிக்காக்குது. நாப்பத்தெட்டு நாள் சேந்து, ஒரேயடியா அறுந்து வெடிக்குது. நீங்க ரெண்டாவது வளையத்த ஓட்டுனதும் நம்ம கிரகத்தோட காந்தக் கோடு நீண்டு போய் அதோட கோட்டத் தொட்டிருக்கு. தொட்டு, தெனமும் கொஞ்சம் சிக்கெடுத்திருக்கு. அந்த மினுக்கல் அதுதான். இன்னைக்கு வெடிக்க அதுகிட்ட மிச்சமே இல்ல.”

“நாம போயி... அதத் தொட்டோமா?”

“ஆமா.”

“தூசின்னீகளே!”

“கண்ணுல விழுந்திருக்கு” என்றாள். சொல்லும்போதே கண்ணீர் வந்துவிட்டது, சிரிப்பும் கூடவே வந்தது.

ஆனால் இதை நினைத்து மகிழ்வது வேறு, எண்ணூறு பேரைப் படியேற்றுவது வேறு. திரையை விலக்கிக்கொண்டு ஆவுடை ஊருக்கு முன்னால் போய் நின்றாள். மறைக்காமல் சொன்னாள்.

“தப்பு என் பேருல. என் அட்டவணைல நட்சத்திரத்துக்குக் கட்டம் இருக்கு, தொந்தியனுக்குக் கட்டம் இருக்கு. நம்ம கரிசலுக்குக் கட்டமே இல்ல. அது நம்மள என்ன பண்ணும்னு மட்டுந்தான் அறுபது வருசமாக் கணக்குப் போட்டோம். நாம அத என்ன பண்ணுதோம்னு யாருமே பாக்கல.”

“இப்ப என்ன செய்யலாம், ஆவுடை?” என்றாள் வடிவக்கா.

“ஒரு சோதன. வளையத்த இங்கிருந்தே ஓட்டலாம். இப்ப மணி பன்னெண்டரை. பன்னெண்டு முப்பத்தஞ்சுக்கு முழு வேகத்துல ஓட்டுவோம். காந்தக் கோட்டு வழியாப் போற சேதி மாட்டுவண்டி மாதிரி மெதுவாத்தான் போகும், ரெண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல. அங்கருந்து பதில் வெளிச்சமா வரும், அதுக்கு அரை நிமிசங்கூட ஆகாது. நான் சொல்றது நெசம்னா, சரியா ரெண்டு நாப்பத்தொண்ணுக்குச் சடசடப்பான் பேசும். மெதுவாத்தான் பேசும். பேசுச்சுன்னா, சிக்கு எடுபட்டுருச்சுன்னு அர்த்தம், மேல போலாம். பேசலன்னா எனக்கு ஒண்ணும் தெரியலன்னு அர்த்தம்.”

தச்சு வேலை மாடசாமி எழுந்தார். “அது பாட்டுக்குச் சும்மா கெடக்கு. அதப் போயி எதுக்கும்மா சீண்டணும்?”

“சும்மா கெடக்கல மாமா. முப்பத்தொரு நாளா அது நமக்குப் பதில் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கு. நான்தான் கருவிக் கோளாறுன்னு எழுதிக்கிட்டு இருந்தேன்.”

மாடசாமி உட்கார்ந்தார். பிறகு, சம்மதம் உள்ளவர்கள் கையைத் தூக்கலாம் என்று வடிவக்கா சொன்னபோது, முதலில் தூக்கியது அவர்தான். நிலவறை முழுக்க, அரிசியை மூடிய கைகள் முஷ்டி முஷ்டியாக மேலே எழுந்தன. யாரும் கையைத் திறக்கவில்லை.

12.35க்கு நாயகம் விசையைத் தள்ளினார்.

பிறகு இரண்டு மணி நேரம் சும்மா இருப்பதா? பேச்சியம்மாள் அதற்கு விடவில்லை. தாலி ஏறுவதற்கு முன்னால் பந்தி போடுவது கரிசல் சரித்திரத்தில் கிடையாது, அன்றைக்குப் போட்டார்கள். மஞ்சள் அரிசி ஒரு கையில், சோறு மறு கையில். பரிமாறுகிறவர்கள் பாட்டுப் பாடினார்கள், சாப்பிடுகிறவர்கள் எதிர்ப்பாட்டுப் பாடினார்கள். மாப்பிள்ளைக்கு வைத்த பாயசத்தில் உப்பைப் போட்டது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. அவர் முகம் கோணாமல் குடித்து முடித்துவிட்டு, “இன்னொரு டம்ளர் கெடைக்குமா?” என்று கேட்டார். பயம் எங்கேயும் போய்விடவில்லை, எல்லார் நடுவிலும்தான் உட்கார்ந்திருந்தது. ஆனால் அதற்கும் ஓர் இலை போட்டாற்போல ஊர் அதை ஏற்றுக்கொண்டு சிரித்தது.

2.38க்குப் பந்தி அடங்கியது. ஆவுடை சடசடப்பானின் ஒலிக் குமிழைக் கடைசிவரை திருகிவிட்டு மணையில் வந்து அமர்ந்தாள். நாயகம் தாலியை எடுத்தார்.

2.40.

இருபத்து மூன்று வருடம் ஒரு படிக்கட்டைக் காவல் காத்தவள், இப்போது கண்களை மூடிக்கொண்டு, ஒரு நட்சத்திரத்தைப் பார்த்து மனதுக்குள் கெஞ்சினாள்: ஒரே ஒரு சொல், சொல்லிரு.

2.41.

முதலில் ஒரு பொட்டு. பிறகு இரண்டு. பிறகு காய்ந்த எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோல, மெதுவாக, கூச்சத்தோடு, சடசட, சடசட என்று ஒலிபெருக்கி பேசத் தொடங்கியது.

“கெட்டி மேளம்!” என்று பேச்சியம்மாள் போட்ட சத்தத்தில் பிள்ளைகள் காதைப் பொத்தினார்கள். “கெட்டி மேளம்! கெட்டி மேளம்!”

நாயகம் தாலியைக் கட்டினார். எண்ணூறு கைகள் ஒரே நேரத்தில் திறந்தன. அரிசியைத் தின்றுவிட்ட குழந்தை வெறுங்கையை வீசியது; அதுவும் ஆசிதான். ஆவுடை அழுதாள், வெட்கப்படாமல், மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஊர் பார்க்க அழுதாள். வாழ்நாளில் இவ்வளவு சந்தோஷமாக அவள் இருந்ததே இல்லை.

கதவைத் திறக்க வேண்டிய நேரம் வந்தது. சீற்ற நாளில் மாலை ஐந்துக்கு முன் யாரும் படியேறியதில்லை. கணக்கை நம்புவது வேறு, கால் எடுத்து வைப்பது வேறு என்பதுபோல எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். வடிவக்கா வாயைத் திறப்பதற்கு முன்னால் பேச்சியம்மாள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

“நான் போறேன்” என்றாள்.

“மதினி...”

“என்னத்தா மதினி? ஒன் கணக்குத்தான?”

“ஆமா.”

“பெறகென்ன.”

இருபத்து மூன்று வருடங்களுக்கு முன் அவளுடைய புருஷன் நின்ற அதே படிக்கட்டில் அவள் விறுவிறுவென்று ஏறினாள். மேல்படியில் அவள் காலடிச் சத்தம் நின்றது. அப்புறம் குரல் வந்தது: “எல்லாரும் வாங்க! நல்லா வெயிலடிக்கி! அந்த அண்டாவ யாராச்சும் தூக்கிட்டு வாங்க, மீதிப் பாயசத்த இங்கன வச்சுக் குடிப்போம்!”

அதன்பின் கரிசலில் சீற்றம் வரவில்லை. நாயகம் தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு வளையத்தை ஓட்டுகிறார், இப்போது வெள்ளிக்கிழமையும் சேர்த்து. ஊருக்கு அதில் ஒரே ஒரு வருத்தம், ஒரு மண்டலத்துக்கு ஒருநாள் லீவு போய்விட்டதே என்று. பெரிய விவாதம் நடந்தது. கடைசியில், பதுங்கு நாள் பதுங்கு நாளாகவே இருக்கும், கதவை மட்டும் திறந்து வைத்துக்கொள்ளலாம் என்று முடிவானது. கல்யாணப் பத்திரிகைகள் இன்றும் முதலில் ஆவுடைக்குத்தான் வருகின்றன. ஆனால் முகூர்த்தம் என்ற இடத்தை இப்போது பெண் வீட்டாரே நிரப்பிக்கொண்டு வருகிறார்கள். அவள் அந்த நேரத்திலிருந்து இரண்டு மணி ஆறு நிமிடத்தைக் கழித்து, வரும் விடையை ஒரு சீட்டில் எழுதி நாயகத்திடம் கொடுப்பாள். அவர் விசையைத் தள்ளுவார். நட்சத்திரம் நேரம் தவறாமல் வந்து வாசித்துவிட்டுப் போகும்.

கடைசியாக ஒன்று. கல்யாணத்துக்கு மறுநாள், லீவாக இருந்தும், ஆவுடை நிலையத்துக்குப் போனாள். அட்டவணையில் நாலாவதாக ஒரு கட்டம் வரைந்து ‘கரிசல்’ என்று எழுதினாள். காந்தத்தைப் போட்டு முடித்தபின், வந்ததுதான் வந்தோம் என்று ஈர்ப்பையும் போட்டுப் பார்த்தாள். பூமியில் நிலவு கடலை இழுப்பதுபோல, கரிசலும் குன்றிமணியை இழுக்கத்தானே வேண்டும்? வந்த விடையை இன்னொருமுறை சரிபார்த்தாள். நாயகம் காபியோடு வந்தார்.

“அன்னைக்கு ஒண்ணு கேட்டீக. அதுக்கு நம்மளத் தெரியுமான்னு.”

“அதான் வளையத்த ஓட்டித் தெரிய வச்சுட்டோமே.”

“அதுக்கு முந்தியே தெரியும். வளையம் இல்லாம, நாம கப்பல்ல வந்து இறங்குறதுக்கு முந்தி, இந்தக் கரிசல் உண்டான நாள்லருந்தே தெரியும். நாம எந்தப் பக்கம் போறோமோ, அந்தப் பக்கமா அது கொஞ்சம் எழும்பி எழும்பிப் பாத்துக்கிட்டேதான் இருக்கு. அம்மாம் பெரிய நெருப்பு, நமக்காக எழும்புது.”

“எம்புட்டு எழும்பும்?”

ஆவுடை தன் பின்னலுக்குள் கைவிட்டுத் துழாவினாள். எண்ணூறு பேர் போட்டதில் ஒன்றாவது தங்கியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். கிடைத்தது. அந்த மஞ்சள் அரிசியை எடுத்து அவருடைய உள்ளங்கையில் நட்டமாக நிறுத்திப் பிடித்தாள்.

“இம்புட்டு” என்றாள்.

நாயகம் அதைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே குன்றிமணியைப் பார்த்தார். பிறகு அரிசியை மூடிக் கையைப் பொத்திக்கொண்டார்.